அவள் செய்ய மறுத்த பொம்மை

உன் வக்கீலின் ஜூனியர் பெண் நேற்றுக் காலை வந்துவிட்டுப் போனாள். அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டு வந்து கதவைத் திறந்தேன். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, பையிலிருந்து சில பக்கங்களை எடுத்து நீட்டி, "கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்து ஆன்ட்டி, அவ்ளோதான். திங்கக்கிழமை கோர்ட்ல கேட்டா ஆமான்னு சொன்னாப் போதும். படிக்கக்கூட வேண்டாம், சார் எல்லாம் பாத்துட்டார்" என்றாள். படிக்க வேண்டாமாம்! நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, அவள் எதிரிலேயே உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் படித்தேன். குக்கர் கத்திக்கொண்டே இருந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. படித்து முடித்தபோது பருப்பு அடிப்பிடித்து வீடு முழுக்கக் கருகல் நாற்றம். "யோசிச்சுச் சொல்றேன்மா" என்று அவளை அனுப்பிவைத்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பாவம், வேலைக்கு வந்த பெண்ணைப் பிடித்துக் கத்த மனம் வரவில்லை. கத்த வேண்டியது உன்னிடம்தான், கத்தப் போகிறேன்.

அந்தக் காகிதத்தில் நான் பேசுகிறேன். "என் மருமகள் தாரிணி, சென்ற நவராத்திரியில், வழிவழியாக எங்கள் குடும்பத்தில் வைத்துவரும் கொலுவில், தெய்வத் திருவுருவங்களுக்கு அருகே, உடைந்த பொம்மைகளால் செய்த அயல்நாட்டு அரக்கிகளின் உருவங்களை வைத்து, என் பேத்தி மேகாவை அச்சுறுத்தினாள். குழந்தை அன்று முதல் பயந்த நிலையில் இருக்கிறாள். ஆகவே அவள் தன் தந்தையிடம் வளர்வதே நல்லது." இப்படி நான் சொல்லியிருக்கிறேனாம். என் வாயில் இத்தனை சுத்தமான தமிழ் என்றைக்கடா வந்தது? நீயே சிங்கப்பூரில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல யாரோ டைப் அடித்திருக்கிறார்கள். அதோடு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள நானும் அங்கே வந்துவிடச் சம்மதமாம். அதுவும் நான் சொன்னதாம். அபிராமபுரத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு, கண்காணாத ஊரில் உனக்கு வத்தக்குழம்பு வைத்துக்கொண்டு கிடக்க நான் எப்போது தலையாட்டினேன்? தாரிணியைக் கேட்காமல் முடிவு எடுத்தாய், குடும்பம் இரண்டாகப் பிளந்தது. புத்தி வந்ததா? இப்போது என்னையும் கேட்கவில்லை.

போனில் சொல்லலாம் என்றால், எனக்குக் குரல் உயர்ந்ததுமே நீ கட் பண்ணிவிடுகிறாய். "அப்புறம் பேசறேம்மா" என்பாய், அந்த அப்புறம் வரவே வராது. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊராரின் லைனை எல்லாம் இணைத்துக் கொடுத்தவள் நான். பெற்ற பிள்ளையோடு லைன் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்தைக் கட் பண்ண முடியாது. கிழித்துப் போடலாம், போடு. பிரதி என்னிடம் இருக்கும். இதை உன் சித்தப்பா, அத்தை எல்லோரும் இருக்கிற குடும்பக் குரூப்பிலும் படம் எடுத்துப் போடப் போகிறேன். நீ அங்கே போட்டதை எல்லோரும் பார்த்தார்கள் இல்லையா, இதையும் பார்க்கட்டும்.

முதலில் அந்த உடைந்த பொம்மைகளின் கதைக்கு வருகிறேன். உடைந்த பொம்மையைக் கொலுவில் வைக்கக் கூடாது என்பது உனக்கே தெரியும். குப்பையிலும் போட மனசு வராது, சாமி பக்கத்தில் உட்கார்ந்த பொம்மை ஆயிற்றே. அதனால் மூக்கு போனது, கை போனது, கழுத்து விட்டது எல்லாவற்றையும் பழைய புடவையில் சுற்றிப் பரணில் ஒரு தகர டிரங்குப் பெட்டிக்குள் போட்டு வைப்பேன். எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து சேர்ந்த பெட்டி அது. அதைத் தாரிணி எடுக்கவில்லை. நான்தான், சென்ற வருஷம் ஏணி போட்டு, வீட்டு வேலைக்கு வருகிற செல்வியை ஏறச் சொல்லி இறக்கினேன். நான்தான் திறந்து கொடுத்தேன். உன் வக்கீல் இதை நன்றாகக் குறித்துக்கொள்ளட்டும். குற்றம் என்றால் முதல் குற்றவாளி நான்.

ஏன் கொடுத்தேன்? உன்னால்தான். மேகாவுக்குக் கிரேக்க வீரர்கள் கதைப் படப் புத்தகம் வாங்கி வந்தவன் நீ. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் கதை சொல்வாய். தோசைக் கரண்டியைக் கத்தியாகப் பிடித்துக்கொண்டு, எவர்சில்வர் தட்டைக் கேடயமாக வைத்துக்கொண்டு, ஹாலுக்கும் சமையலறைக்கும் குதித்து, பாம்புத்தலை மெடூசாவின் கழுத்தை வெட்டினாய். குழந்தை கை தட்டிவிட்டு, "அவ என்ன தப்பு பண்ணினா அப்பா?" என்று கேட்டாள். "அவ மான்ஸ்டர், அவ்ளோதான்" என்றாய். "மான்ஸ்டர்னா என்ன பண்ணினா?" என்றாள் மறுபடி. உனக்குப் போன் வந்துவிட்டது, போய்விட்டாய். அப்பனிடம் பதில் கிடைக்காத கேள்வி அம்மாவிடம் போயிற்று. தாரிணி பெருங்குடி ஆபீசிலிருந்து கம்பெனி வேனில் வருகிற வழியெல்லாம் போனில் அந்தக் கதைகளைத் தேடிப் படித்துவிட்டு வந்து, காய் நறுக்கிக்கொண்டே மேகாவுக்குச் சொல்வாள். நானும் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டு கேட்டேன். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ராட்சசிகள் ஒருத்தி விடாமல் முதலில் சாதாரணப் பெண்ணாகவோ, யாருக்கும் தொந்தரவு இல்லாதவளாகவோ இருந்திருக்கிறார்கள். யாரோ எதையோ செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கதை சொன்னவன் மட்டும் அந்த இடத்தைத் தாண்டிக் குதித்து, வாளைத் தூக்குகிற இடத்தில் ஆரம்பித்திருக்கிறான்.

மேகாதான், "இவாளையும் கொலுவுல வெக்கலாமா பாட்டி?" என்றாள். இப்போது எல்லார் வீட்டிலும் ஏதாவது தீம் வைக்கிறார்கள், கிரிக்கெட் மைதானம் வைக்கிறார்கள், ராக்கெட் வைக்கிறார்கள், நம் வீட்டில் இதுவாக இருக்கட்டுமே என்று நானும் சரி என்றேன். படியில் வழக்கமான சாமிகள். கீழே பார்க் போடுகிற இடத்தில் மணல் கொட்டி, கடல் மாதிரி நீலத்தாள் விரித்து, இவர்கள். குழாய் ஒழுகினால் அடைப்போமே, அந்தப் பசை மாவை உருட்டி உருட்டி மேகா பாம்பு செய்தாள். தலைமுடி உதிர்ந்த செட்டியாரம்மா பொம்மை மெடூசா ஆயிற்று. சவாரி செய்தவரைத் தொலைத்த சிங்கத்துக்கு, உடம்பு போன ஒரு பெண் தலையை ஒட்டினோம், அது விடுகதை கேட்கிற ஸ்பிங்க்ஸ். இரண்டு கிளிகளுக்குப் பெண் முகம் வைத்ததும் கடலில் பாடுகிற சைரன்கள் வந்துவிட்டார்கள். இடுப்பைச் சுற்றி நாய்த் தலைகள் முளைத்த ஸில்லாவுக்கு மாட வீதியில் பிளாஸ்டிக் நாய்கள் வாங்கினோம். செல்வி வீடு பெருக்க வந்தவள் துடைப்பத்தோடு நின்று பார்த்து, "இன்னா மாமி இது, இடுப்பாண்ட நாயிங்க கீது? எங்க தெரு நாயிங்களே தேவலாம் போல கீதே" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. இந்த வீட்டில் அத்தனை சிரிப்பு கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது தெரியுமா? பயந்துபோன குழந்தையாம். பாம்புக்குப் பச்சை அடித்ததே அந்தக் குழந்தைதான்.

தாரிணியைத் தெய்வம் என்று சொல்ல வரவில்லை. எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகாத விஷயம் நிறைய. ரசத்தில் வெல்லம் போடுவாள். சொன்னால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள். ஈர டவலைக் கட்டிலில் போடுவாள். கோபம் வந்தால் எதிரே யார் என்று பார்க்க மாட்டாள், ஒரு தடவை என்னையே "உங்களுக்கு ஒண்ணும் புரியாதும்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சாயங்காலம் வந்து காபி கலந்து கொடுத்தாள், நானும் குடித்தேன். அவ்வளவுதான் மனுஷர்கள். அவள் ராட்சசியும் இல்லை, தேவியும் இல்லை. உனக்கு இந்த இரண்டைத் தவிர மூன்றாவது பெயர் தெரியாமல் போனதுதான் உன் வியாதி.

அந்த ஸில்லா கதையைக் கேள். குளத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண் அவள். ஒருத்தன் ஆசைப்பட்டான், அவள் வேண்டாம் என்றாள். அவன் போய் ஒரு சூனியக்காரியிடம் மருந்து கேட்டான். அந்தச் சூனியக்காரிக்கோ அவன்மேல் கண், அந்தப் பொறாமையில் ஸில்லா குளிக்கிற தண்ணீரில் விஷத்தைக் கலந்துவிட்டாள். இடுப்பில் நாய்கள் முளைத்தன, எந்நேரமும் குரைத்துக்கொண்டு, பசி பசி என்று. அந்தக் கடல் வழியே போன மாலுமிகளுக்குத் தெரிந்ததெல்லாம் கடிக்கிறாள் என்பது மட்டும்தான். ராத்திரி எட்டு மணிக்கு ஆபீசிலிருந்து வந்து தாரிணி செருப்பைக் கழற்றுவதற்குள் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார். மேகாவுக்கு ஹோம்வொர்க், எனக்கு மாத்திரை, உனக்குச் சட்டை இஸ்திரி, மறுநாள் டிபனுக்கு மாவு, நடுவில் அவள் மேனேஜரின் போன். இடுப்பைச் சுற்றி நாங்கள்தானடா குரைத்தோம். அவள் ஒரு நாள் பதிலுக்குக் குரைத்தாள். அதை நீ உன் நண்பர்களிடம் ஜோக்காகச் சொன்னாய்.

சைரன் கதையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நான் அந்த வேலையே பார்த்தவள். முகம் தெரியாத பெண் குரல் என்றால் ஆண்களுக்கு என்ன ஆகும் என்று எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்த எங்களைக் கேள். லைன் கிடைத்தால் "என்ன இனிமையான குரல் மேடம்". கிடைக்காவிட்டால் காது கூசுகிற வசவு. அவன் ஊருக்கு டிரங்க் கால் கிடைக்காததற்கும் என் பிறப்புக்கும் சம்பந்தம் கண்டுபிடிப்பான். ஒரு லீவு நாளில் உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் கூடவே கூட்டிப் போனேன், ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அப்போது ஏழு வயது. ஆசையாக என் ஹெட்செட்டை வாங்கி மாட்டிக்கொண்டாய். மறுமுனையில் ஒருவன் திட்டிக்கொண்டிருந்தான். உன் முகம் அப்படியே சுருங்கிப்போயிற்று. "ஏம்மா அந்த மாமா உன்னைத் திட்டறார்?" என்று கேட்டு, அழுதுகொண்டே, போர்டில் செருகியிருந்த வயரை வெடுக்கென்று பிடுங்கிவிட்டாய். லைன் செத்தது. சூப்பர்வைசர் அம்மா என்னைக் கிழிகிழியென்று கிழித்தாள். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் உன் கல்யாணத்தில்கூட இல்லை. என் பிள்ளை எனக்காக ஒருத்தன் வாயை அடைத்தான் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அந்தப் பிள்ளை எங்கே போனான்? இப்போது மறுமுனையில் கத்துகிறவன் நீயாக இருக்கிறாய். அந்தச் சைரன்களின் பாட்டு விழக் கூடாது என்று மாலுமிகள் காதில் மெழுகை அடைத்துக்கொண்டு போனார்களாம். நீ வீட்டுக்குள் நுழையும்போதே இரண்டு காதிலும் அந்த வெள்ளைக் குமிழ்களைச் செருகிக்கொண்டு நுழைவாய். அவள் பேசுவாள், நீ தலையை ஆட்டுவாய், உள்ளே கிரிக்கெட் ஓடிக்கொண்டிருக்கும். எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா?

இனி அந்தச் சாயங்காலம். கோர்ட்டில் நான் சொல்லப் போவது இதைத்தான், அதனால் நிதானமாகப் படி. நவராத்திரியின் ஐந்தாம் நாள். உன் பாஸும் அவர் மனைவியும் வருகிறார்கள் என்று காலையிலிருந்து வீட்டைத் துடைக்கச் சொல்லிக் குதித்தாய். கொலுவை அதுவரை நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் வந்து உட்கார்ந்திருந்தார்கள், அடையாற்றிலிருந்து தாரிணியின் அக்கா வந்திருந்தாள். பாஸின் மனைவி பொம்மைகளைப் பார்த்து, "அய்யோ, மெடூசா! ரொம்ப புதுசா இருக்கே!" என்று சந்தோஷமாகத்தான் சொன்னாள். மேகா ஒவ்வொருத்தியாகக் காட்டி அவளுக்குக் கதை சொன்னாள். சுண்டலை வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் தாரிணியிடம், "அப்புறம், எப்போ ஷிஃப்ட் பண்றேள்? சிங்கப்பூர்ல ஸ்கூல் அட்மிஷன் கிடைச்சுடுத்தாமே" என்றாள். தாரிணி குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது. எனக்கும் தெரியாது. நீ வேலையை ஒப்புக்கொண்டு, ஸ்கூல் பார்த்து, அவள் வேலையை விடப்போகிறாள் என்று உன் ஆபீசிலும் சொல்லியிருக்கிறாய். அவள் கத்தவில்லை. திரும்பி உன்னைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டாள்: "நாம எங்க போறோம்?"

ஒரு கேள்வி. அந்தச் சிங்கப்பெண் ஊர் வாசலில் உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்டாள் என்பதற்காகத்தானே அவளும் ராட்சசி? பதில் தெரியாதவனை அவள் விழுங்கினாளாம். தாரிணி யாரையும் விழுங்கவில்லை. பதில் தெரிந்தும் சொல்ல வாய் வராதவன் நீ. "எல்லார் எதிர்லயும் மானத்தை வாங்கறியா?" என்று ஆரம்பித்தாய். "ராட்சசி! கொலுவுலகூட ராட்சசியைக் கொண்டுவந்து வெச்சிருக்கா பாருங்கோ சார்!" என்று குனிந்து அந்த மெடூசாவைத் தூக்கிச் சுவரில் அடித்தாய். கலசம் சாய்ந்து தண்ணீர் படியெல்லாம் ஓடிற்று. உன் கால் பட்டுச் சிங்கம் நொறுங்கியது. யாரும் அசையவில்லை. பாஸின் மனைவி கையில் சுண்டல் தொன்னை அப்படியே இருந்தது. தாரிணியின் அக்கா பாதி எழுந்தவள் பாதியிலேயே நின்றாள். நானும் நின்றேன், என் வாய் திறக்கவில்லை. ஹால் முழுக்க மனுஷர்களைக் கல்லாக அடித்துவிட்டு நீ கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போனாய். பார்த்தவர்களைக் கல்லாக்குகிறவள் மெடூசா என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. எனக்குக் கல்யாணமானதிலிருந்து இந்த வீட்டில் ஆட்களைக் கல்லாக்கியது ஆண்களின் கோபம் மட்டும்தான். உன் அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் வாசலில் கேட்டதும் நான் பாதி வாக்கியத்தில் நிறுத்துவேனே, பார்த்திருக்கிறாய். வேறு எதை மறந்தாலும் அதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டாய்.

மெடூசாவுக்கு என்ன நடந்தது என்று மேகாவுக்கு நாங்கள் முழுக்கச் சொல்லவில்லை, சின்னக் குழந்தை. உனக்குச் சொல்லலாம். கோவிலுக்குள் ஒரு கடவுளே அவளைக் கெடுத்தான். கோவிலின் தேவி அவனை ஒன்றும் கேட்கவில்லை, இவள் தலையில் பாம்பை வைத்தாள். பிறகு ஒரு வீரன் வந்தான், நேருக்கு நேர் முகம் பார்க்கத் தைரியம் இல்லாமல் கேடயத்தில் தெரிந்த நிழலைப் பார்த்து வெட்டினான். அதோடு விட்டானா? அந்தத் தலையைப் பையில் போட்டுக்கொண்டு, தனக்கு ஆகாதவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினான். கொலு உடைந்த அன்று ராத்திரியே தாரிணி மேகாவைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள், மறுநாள் துணி எடுக்க வந்தாள். நீ வேண்டுமென்றே சீண்டினாய், அவள் வெடித்து அழுது கத்தினாள், நீ போனைத் தூக்கி அதை வீடியோ எடுத்தாய். அப்போதுகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தாய். அதைக் குடும்பக் குரூப்பில் போட்டாய். தி.நகர் சித்தப்பா பார்த்தார், வக்கீல் பார்த்தார், திங்கட்கிழமை ஜட்ஜும் பார்க்கப் போகிறார். நீ சீண்டியது எதிலும் இல்லை, அவள் கத்தியது மட்டும் இருக்கிறது. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நீ ஊர் ஊராக அலைவதைப் பார்த்தால் பெற்ற வயிறு எரிகிறது.

இப்போது ஒன்று சொல்கிறேன், இது உனக்குத் தெரியாது. அந்தக் கொலுவில் இன்னொருத்தி வர வேண்டியது. லாமியா என்று பெயர். அவளுக்கென்று பெட்டியிலிருந்து ஒரு பொம்மைகூட எடுத்து வைத்திருந்தோம், தொட்டில் ஆட்டுகிற பொம்மை, தொட்டில் மட்டும் உடைந்து போயிருந்தது. லாமியாவின் பிள்ளைகளை ஒரு தேவி பறித்துக்கொண்டாள். அந்தத் துக்கத்தில் அவளுக்குக் கண் மூடவில்லை, தூக்கம் இல்லை, புத்தி பேதலித்தது. அதற்குப் பிறகுதான் ஊரில் பேச்சு கிளம்பியது, அவள் குழந்தைகளைத் தின்கிறவள், பிள்ளைகளை அவள் கண்ணில் காட்டாதீர்கள் என்று. தாரிணி அந்தப் பொம்மையைக் கையில் எடுத்தாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது வேண்டாம்மா. இவளை என்னால பண்ண முடியாது" என்று புடவையில் சுற்றி மறுபடி பெட்டியில் வைத்துவிட்டாள். நானும் ஏன் என்று கேட்கவில்லை. நேற்று உன் காகிதத்தைப் படித்தபோதுதான் எனக்குச் சுரீர் என்றது. குழந்தையைப் பறித்துக்கொள், தாய் துடிப்பாள், துடிக்கிறவளைக் காட்டி இவளிடமா குழந்தையை விடுவது என்று கேள். அவள் செய்ய மறுத்த பொம்மையை நீ வக்கீல் வைத்துச் செய்கிறாய். அதற்குக் கண் வரைய என்னைக் கூப்பிடுகிறாய்.

வர மாட்டேன். ஆனால் திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வருவேன். ஆட்டோ சொல்லியாயிற்று. மந்தைவெளியில் தாரிணி வாடகைக்கு இருக்கிற வீட்டு வாசலில் நின்று, அவளையும் ஏற்றிக்கொண்டுதான் வருவேன். அவள் பக்கத்தில்தான் உட்காருவேன். பெற்றவள் என்றுதானே என்னை அங்கே கூப்பிட்டாய், பெற்றவளாகத்தான் வந்து பேசுவேன். அதற்குள் மனுவை வாபஸ் வாங்கினால், நான் வாய் திறக்க வேண்டியிருக்காது. குழந்தையைப் பார்க்க நீ வருவதற்குத் தாரிணி ஒரு நாளும் தடை சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டாள். முதலில் அந்த வீடியோவை அழி. பிறகு காதில் இருப்பதைக் கழற்றிவிட்டு அவள் எதிரில் போய் உட்கார்ந்து, அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல். இதற்குப் பெயர் அறிவுரை என்றால் வைத்துக்கொள். கெஞ்சுகிறேன் என்று நினைக்காதே, உனக்குக் கடைசி லைன் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

வாபஸ் வாங்கவில்லை என்றால், குழந்தை எதைப் பார்த்துப் பயந்தாள் என்று ஜட்ஜ் என்னைக் கேட்பார். நான் பார்த்ததைச் சொல்வேன். நீ கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு மேகாவைக் காணவில்லை. அறை, குளியலறை, மொட்டை மாடி என்று தாரிணி பைத்தியம் மாதிரி ஓடினாள். எனக்குத்தான் கொலுப்படியின் துணி ஓரம் அசைந்தது தெரிந்தது. குனிந்து தூக்கிப் பார்த்தேன். படிக்கு அடியில், இருட்டில், ஈரத்தில், முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த மெடூசாவின் உடைந்த தலையை வைத்துக்கொண்டு, அதன் கண்ணை ஒரு கையால் மூடியிருந்தாள். "வாடி கண்ணா, வெளியே வா" என்றேன். வரவில்லை. என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, குரலே வராமல் கேட்டாள்:

"பாட்டி, அப்பா போயாச்சா?"

இப்படிக்கு,
உன் அம்மா